பால் மறக்கும் நாட்கள்



குழந்தைக்குப் பால் மறக்கடித்த தாய்க்கு முதல் சில நாட்கள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். பிறகு வலி தணியும். பாலும் குறைந்து நின்றுவிடும். "பால் வற்றிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் நோயினாலோ வேறு காரணத்தினாலோ சில நாட்கள் பாலூட்ட முடியாமற் போன தாய், "வற்றிய பால் திரும்புமா?" என்று கலங்குகிறாளே, அவளுக்கு நாம் என்ன விடை சொல்வது? அதற்கு மார்பகத்தின் உயிரணுக்களுக்குள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்வோம். சமையற் குறிப்புப் புத்தகம் அலமாரியில் பூட்டியிருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய சீட்டுகள்தாம் சமையற்காரர்களின் கைக்குப் போகின்றன. உயிரணுவில் அந்தப் புத்தகம் மரபணு. சீட்டு, தூது ஆர்.என்.ஏ. என்னும் பொருள். பாலின் முக்கியப் புரதமான கேசின், இந்தச் சீட்டைப் பார்த்தே செய்யப்படுகிறது.

விருந்து முடிந்ததும் சமையலை எப்படி நிறுத்துவது? புதுச் சீட்டு எழுதுவதை நிறுத்தலாம். அது மட்டும் போதுமா? ஏற்கெனவே கொடுத்த சீட்டுகள் கையில் இருக்கும்வரை சமையல் நடந்துகொண்டேயிருக்கும். ஆகவே அவற்றையும் கிழித்தெறிய வேண்டும். மார்பகம் இவ்விரண்டையுமே செய்கிறது.

1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் சினை எலியின் பால் சுரப்பித் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றில் புரோலாக்டின் என்னும் ஹார்மோனைச் சேர்த்தார்கள். கேசின் சீட்டு எழுதப்படும் வேகம் 2 முதல் 4 மடங்குதான் கூடியது. ஆனால் எழுதிய சீட்டின் ஆயுளோ 17 முதல் 25 மடங்கு நீண்டது! பால் பெருகுவதற்குச் சீட்டை எழுதுவதைவிட, அதைக் காப்பாற்றி வைப்பதே பெரிய துணை என்று இதனால் விளங்கியது.

சரி, பால் குடிப்பது நின்றால்? தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையில் அடினின் என்னும் ஒரே பொருள் தொடர்ந்து அமைந்த வால் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலியில் இந்த வாலை அளந்தார்கள். குட்டிகளைப் பிரித்த பின் சுரப்பியில் பால் தேங்கியபோது கேசின் சீட்டின் வால் குட்டையாக இருந்தது. பாலை வெளியேற்றியதும் மீண்டும் நீண்டது. நீண்ட வாலுள்ள சீட்டு விரைவில் சிதைவதில்லை. குட்டை வாலுள்ளது சீக்கிரம் அழிந்துபோகிறது. ஆகவே, தேங்கி நிற்கும் பாலே "இனிப் பால் வேண்டாம்" என்று அறிவிக்கும் செய்தியாகிறது.

இந்தச் செய்தி அந்தந்தச் சுரப்பிக்கே உரியது. சுண்டெலியின் ஒரு காம்பை மட்டும் அடைத்துவிட்டால், மற்றக் காம்புகளில் குட்டிகள் குடித்துக்கொண்டிருந்தாலும், அடைபட்ட சுரப்பி மட்டும் சுருங்கத் தொடங்குகிறது.

சுருங்குவதிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. சுண்டெலியில் முதல் 2 நாட்களுக்குள் குட்டிகளைத் திரும்ப விட்டால் பால் மீண்டும் சுரக்கும். அதன் பிறகோ பால் சுரக்கும் உயிரணுக்கள் பெருமளவில் மடிந்து, அவ்விடத்தைக் கொழுப்புத் திசு நிரப்பிவிடுகிறது. அடுத்த சினைக் காலத்தில்தான் சமையற்கட்டு புதிதாக எழும்பும்.

நேயர்களே, சுண்டெலியின் நாள்கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. பல நாட்கள் நின்ற பிறகும், குழந்தையை அடிக்கடி மார்பில் சேர்த்துப் பால் திரும்பப் பெற்ற தாய்மார்கள் உண்டு. ஆயினும் பாடம் ஒன்றே: பால் தேங்கினால் குறையும், வெளியேறினால் பெருகும். ஆகவே, பாலூட்டுவதைச் சில நாட்கள் நிறுத்தும்படி மருத்துவர் சொல்ல நேர்ந்தால், நேரந்தவறாமல் பாலைப் பீய்ச்சி எடுத்துவருவது நல்லது. அடியோடு நிறுத்த விரும்புகிற தாயோ, ஒரே நாளில் நிறுத்தாமல் வேளைகளைப் படிப்படியாகக் குறைத்தால் கட்டும் வலியும் குறையும்.

கலங்கி நிற்கும் தாய்க்கு, "போனது போனதுதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சீட்டு கிழிந்தாலும் புத்தகம் அலமாரியில் பத்திரமாகவே இருக்கிறது.