ஆராய்ச்சி மணியும் நமது நீதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

திருவாரூரிலே கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் இளமையிலேயே படித்திருக்கிறோம். தன் ஒரே மைந்தன் என்றும் பாராது, அவனைத் தேர்க்காலில் இட்டு முறை செய்த சோழனைப் பெரியபுராணம் போற்றுகின்றது. அதே கதை மகாவம்சத்திலும் உண்டு என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாளன், படுக்கையின் தலைமாட்டில் மணியைக் கட்டி, அதன் கயிற்றை நீள விட்டிருந்தான் என்றும், வழக்கிலே பகைவன் நண்பன் என்ற பேதம் பாராதவன் என்றும் அந்நூல் சான்று பகர்கின்றது. இத்தனைக்கும் அது எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் புகழைப் பாடும் நூல். வென்றவன் தோற்றவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அதற்கு வணக்கஞ் செலுத்துமாறு பணித்தான் என்றும் அதுவே கூறுகின்றது. ஆதலால், நடுவுநிலைமை ஓர் இனத்தாரின் தனிச் சொத்தன்று; இத்தீவின் இருசாராரும் ஒருங்கே போற்றிவந்த அறமாகும்.

அம்மணியிடத்தே மூன்று இலக்கணங்களைக் காண்கிறோம். எளியவர்க்கும் கயிறு எட்டவேண்டும். கேட்பவன் உண்மையை ஆராய்ந்து அறியவேண்டும். அரசன் மகனேயாயினும் சட்டம் ஒன்றாயிருக்கவேண்டும். இம்மூன்றும் நம் நாட்டில் எவ்வாறு நடந்தன என்று சிறிது ஆராய்வோம்.

முதலாவது, கயிறு எட்டுதல். 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. கேகாலைக் கச்சேரியிற் பணிபுரிந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு, சிங்களத் தேர்ச்சி இல்லை என்ற காரணத்தால், 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் கல்லெறியவில்லை, நீதிமன்றம் சென்றார். எந்தச் சமூகத்துக்கும் பிறர்க்கில்லாத இடர் விளைக்கும் சட்டம் செல்லாது என்று அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது என்று கூறி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயாமலே வழக்கைத் தள்ளிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகமோ, வழக்காடலாம் என்று கூறி, எஞ்சிய வினாவைத் தீர்க்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வரவேயில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஒழிந்தது. 1972இன் புதிய அரசியலமைப்பிலே 29ஆம் பிரிவும் மறைந்தது. மணியை அடித்தவன் வாயிலில் நிற்க, மணியே கழற்றப்பட்டது. நீதிமன்றத்தின் வழியாகப் பயனில்லை என்ற எண்ணம் இளைஞர் உள்ளத்தில் வேரூன்றியது எப்படி என்று கேட்பவர்கள், இவ்வழக்கை முதலிற் படிக்கவேண்டும்.

இரண்டாவது, உண்மையை ஆராய்தல். பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாக எடுத்தல் ஆகாது என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. அடித்தும் அச்சுறுத்தியும் பெறும் சொல் உண்மையாகாது என்பதை அந்நிய ஆட்சியும் ஒப்புக்கொண்டிருந்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லும் என்றது. அது பலாத்காரத்தாற் பெறப்பட்டது என நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே ஏற்றிற்று. சிங்களம் அறியாத சிங்கராசா என்ற தமிழ் இளைஞர், தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பெற்ற வாக்குமூலத்திற் பெருவிரல் பதிக்கச் செய்யப்பட்டதாக முறையிட்டார். அவ்வொப்புதலையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; பின்னர் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் இது முறையான விசாரணையன்று என்று கண்டது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

இச்சட்டம் தமிழருக்கு மட்டும் என்று எவரேனும் ஆறுதல் கொண்டிருந்தால், அவர்கள் பின்னர் கண்டது வேறு. 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புக்களின் பின் முஸ்லிம்கள் பலர் இதன்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டனர். 2022இற் கிளர்ச்சி செய்த மாணவர் தலைவர்களும் இதன் கைப்பட்டனர். அயலவன் வீட்டுக்கென வெட்டிய பள்ளத்தில் ஊரே வீழ்கின்றது. 2022இன் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. ஒப்புதல் பற்றிய விதியை அது நீக்கவில்லை.

மூன்றாவது, அரசன் மகனுக்கும் ஒரே சட்டம். பொலிசாரின் நியமனமும் இடமாற்றமும் அரசியல்வாதியின் கையிலிருந்தால், பொலிசு அவன் முகத்தைப் பார்க்குமேயன்றிச் சட்டத்தைப் பாராது. இதனைத் தடுக்கவே 2001இல் 17ஆம் திருத்தத்தினால் சுதந்திரமான தேசிய பொலிஸ் ஆணைக்குழு அமைக்க வழி செய்யப்பட்டது. 2010இல் 18ஆம் திருத்தம் அதனை வலுவிழக்கச் செய்தது. 2015இல் 19ஆம் திருத்தம் வலுவைத் திருப்பித் தந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொடுத்தது. ஆட்சி மாறுந்தோறும் ஊஞ்சலாடும் ஒரு காவலை நம்பி எளியவன் எவ்வாறு நித்திரை கொள்வான்?

இளைஞர்களே, பழியை எல்லாம் கொழும்பின்மீது சுமத்திவிட்டு இருப்பதும் அறமன்று. நம்மூர்களிலும் தம் பிள்ளை பிடிபட்டவுடன் செல்வாக்குள்ளவர் வாயிலைத் தேடுவோர் உளர். சாதி பார்த்துச் சாட்சி சொல்வோரும், பணம் பார்த்து வாய் மூடுவோரும் உளர். அயலானுக்கு நீதி மறுக்கும் கை, அரசாங்கத்திடம் நீதி கேட்டு நீளும்போது வலுவிழந்து போகின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைகின்றோம். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1988இன் 16ஆம் திருத்தம் மொழியுரிமைகளை மேலும் விரித்து வகுத்தது. ஏட்டிலுள்ள இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவோம். நமக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடாதிருப்போம். வாசித்து விளக்குமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்போம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்பதையும், அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது என்பதையும் வீடுதோறும் எடுத்துச் சொல்வோம். சிங்களமும் கற்போம், அடிமையாவதற்கன்று, அயலானோடு நீதியைப் பேசுவதற்கு. சட்டம் படிக்க வல்லவர் சட்டம் படிக்கட்டும். பொலிஸ் சேவையிற் சேர விரும்பும் நேர்மையான இளைஞனை ஊரார் துரோகி என்று ஏசாதிருக்கட்டும்.

நமது சங்கம் தேவாரம் ஓதவும் குருபூசை நடத்தவும் மாத்திரம் எழுந்ததன்று. நீதி தவறாமை சைவத்தின் உயிர்நாடி. வாரத்தில் ஒரு மாலை, சட்டமறிந்த ஒருவரைக்கொண்டு, வருவோர் எவ்வினத்தவராயினும் அவர்தம் முறைப்பாடுகளை எழுதிக் கொடுக்கும் பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.