அங்காடியும் ஆலயமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடை விடுமுறையில் யாம் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரைக் கண்டு மீண்டோம். அதுபற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தனர். பயணக் கதை கூறிப் பொழுது போக்குவது எமது கருத்தன்று. நமக்கு வேண்டிய செய்தி ஒன்று அங்கு உளது. அதனையே கூறப் புகுகின்றோம்.

முதற்கண் கண்டது ஹாகியா சோபியா. கி. பி. 532-இல் மூண்ட கலகத்தில் பழைய தேவாலயம் எரிந்தொழிய, ஜஸ்டினியன் என்னும் பேரரசன் ஆறாண்டிற்குள், 537-இல், இதனைக் கட்டி முடித்தான். ஏறத்தாழ நூறடி அகலமுள்ள கவிமாடம். அதனடியில் நாற்பது சாளரங்கள். 558-இல் மாடம் இடிந்து வீழ்ந்தது. 562-இல் மீண்டும் எழுந்தது. 1453-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைக்கொண்டபின் பள்ளிவாசலாயிற்று, 1935-இல் காட்சிச்சாலை, 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல். அன்னை மரியாளும் மகவும் விளங்கும் பழைய ஓவியத்தைத் திரையிட்டு மறைக்கின்றனர்.

இத்துணை நூற்றாண்டுகள் ஒரு கட்டடம் நிற்பது எங்ஙனம்? விளக்குக்கு எண்ணெய் யார் தந்தனர்? விடை கடைவீதியிற் கிடைத்தது. பேரங்காடி என வழங்குவதன் முதற் பகுதியை 1455-ஐ ஒட்டி எடுப்பித்தவன் அந்த மெஹ்மதே. அதன் வாடகை ஹாகியா சோபியாவைப் பேணுதற்கென விடப்பட்டது. இன்று அது கூரையின்கீழ் அறுபது தெருக்களும் ஆயிரக்கணக்கான கடைகளுமாய்ப் பரந்துள்ளது.

துறைமுகத்தருகே எகிப்திய அங்காடி. மிளகு, கிராம்பு, குங்குமப்பூ மணக்கும் இவ்வங்காடி 1664-இல் முற்றியது. அருகிலுள்ள புதுப்பள்ளிவாசலின் வக்புச் சொத்து இது. பள்ளிவாசலோடு சிறுவர் பாடசாலையும் வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வழங்கும் மண்டபமும் எழுந்தன. எம்மூர்ச் சந்தையில் வாங்கும் மிளகைக் கடல் கடந்து சென்று விலை கேட்டு நின்றவிடத்தே, இச்செய்தி எம் நெஞ்சைச் சுட்டது. அதன் காரணம் கேண்மின்.

எம் தந்தையார் எமதூர்க் கோயிற்குரிய கடையொன்றில் மளிகை நடத்தினார். அவர் காலஞ்சென்றபின் தமையனாரும் யாமும் அதனை உள்வாடகைக்கு விட்டோம். கோயிலுக்குச் செலுத்தியது பழைய சிறு தொகை. எம் கைக்கு வந்தது அதனினும் பன்மடங்கு. நந்தாவிளக்கு அந்திப்பொழுதில் மட்டும் எரியக் கண்டு, அறங்காவலரை யாமே குறைகூறியதும் உண்டு! அவ்விளக்கின் எண்ணெய் எம் பெட்டியில் இருந்தது.

ஊர் மீண்டதும் எமது உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டோம். தமையனார் இன்னும் எம்மொடு பேசுகின்றாரில்லை. அவர் பேசும் நாள் வருமென்றே நம்புகின்றோம்.

அன்பர்களே, இவ்வவையிலும் அறநிலையக் கடை வைத்திருப்போர் சிலர் உளர். அவரை யாம் இடித்துரைக்க வரவில்லை; யாமும் அவருள் ஒருவராய் இருந்தோம். தூணையும் மாடத்தையும் வியக்கும் நாம், இன்றிரவு வீடு சென்று வாடகைச் சீட்டையும் ஒருமுறை எடுத்து நோக்குவோமாக.