மறந்தவர் விட்டுச்சென்ற மூளை

 

நூற்றாண்டு விழாவில் எல்லோரும் பாடசாலை நினைவுகளைப் பேசுகிறோம். ஒரு வைத்தியராக நான், புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்க இயலாமற்போன ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அமெரிக்கரான ஹென்றி மொலைசன் கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953இல், அவரது 27ஆவது வயதில், வைத்தியர் வில்லியம் ஸ்கோவில் சத்திரசிகிச்சை செய்து, மூளையின் இருபுறமும் ஹிப்போகம்பஸ் பகுதியில் கணிசமான பாகத்தை அகற்றினார். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்த மனிதரோ, நடந்த சம்பவமோ அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் செய்தார். நாளுக்கு நாள் கை தேறியது. முதல்நாள் வரைந்தது மட்டும் நினைவில்லை. கைப்பழக்கமும் நிகழ்வுகளின் நினைவும் மூளையில் வேறு வேறு வழிகளில் பதிகின்றன என்பதை மருத்துவ உலகம் அவரிடமே கற்றது.

2008 டிசெம்பரில் அவர் காலமானார். மூளை மிக மென்மையானது. அப்படியே வெட்ட இயலாது. போமலின் அதன் புரதங்களைப் பிணைத்து இறுக்கியது. உறையும்போது பனிப்பளிங்குகள் கலங்களைச் சிதைக்காதிருக்கச் சீனிக் கரைசலில் ஊறவைத்தார்கள். பின்னர் ஜெலற்றினில் பதித்து உறையவைத்தார்கள். 2009 டிசெம்பரில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் யாக்கோப்போ அனேசேயின் குழு, 53 மணித்தியாலங்களில் அதை 2401 சீவல்களாக்கியது. ஒவ்வொன்றும் 70 மைக்ரோன். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. ஒவ்வொரு சீவலுக்கும் முன்னர் வெட்டுமுகத்தைப் படமெடுத்தார்கள். அப்படங்களை அடுக்கியே முழு மூளையையும் கணினியில் மீளமைத்தார்கள். ஹிப்போகம்பஸில் எண்ணியதைவிடக் கூடுதலான பகுதி எஞ்சியிருந்தது என்பது 2014இல் வெளியான ஆய்வில் உறுதியானது.

1992இல் அவரும் அவருடைய சட்டப் பாதுகாவலரும் மூளைத் தானத்துக்குச் சம்மதித்தார்கள். ஆனால் தாம் சம்மதித்ததை அவரால் நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால்தான் அவரிடம் எதைப் பெறும்போதும் மற்றவர்களின் பொறுப்பு இரட்டிப்பாகியது.

எமக்கு நினைவு இருக்கிறது. நாம் உடலைத் தானம் செய்ய விரும்புகிறோமோ இல்லையோ, அந்த முடிவைத் தெளிவாக எடுத்து வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைப்போம். துயர நாளில் அவர்கள் தடுமாற வேண்டியதில்லை. எம்மைப் போன்ற மருத்துவர்கள் உடற்கூற்றியல் கற்றது, முகமறியாத சிலர் தம்மைத் தந்ததால்தான். அவர்களுக்கும் இந்த மேடையில் நன்றி கூறி விடைபெறுகிறேன்.