விலையில்லாததும் கட்டற்றதும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீளும் ஆலை வரிசையும், திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் நோக்கித் திரும்பும் சாலையில் ஒரகடம் வரை தொடரும் ஆலை வரிசையும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரை ஊர்களின் முகத்தை மாற்றிவிட்டன. ஷிப்டு மாறும் வேளையில் இச்சாலைத் தேநீர்க் கடைகளில் நிற்போர் காதில், சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்தபடியாக விழுவது கைப்பேசி பற்றிய வழக்காடலே. 'ஐபோன் வைத்திருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்' என்பது ஒரு கட்சி. 'ஆண்ட்ராய்டில் கிடைக்காதது எது? விலையும் கட்டுப்படி ஆகிறது' என்பது எதிர்க்கட்சி. 'எல்லாம் இரண்டு வருடத்தில் ஹேங் ஆகிவிடும். பட்டன் போன்தான் நின்று உழைக்கும்' என்று மூத்தவர் ஒருவர் தீர்ப்புக் கூறுவார்.

'பட்டன் போன்' என்னும் தொடர் இலக்கணம் கற்றோர் நின்று நோக்கத்தக்கது. தொடுதிரை வருவதற்கு முன்னர் அக்கருவிக்கு அடைமொழி தேவைப்படவில்லை; வெறும் 'போன்' அல்லது 'செல்' என்றே வழங்கிற்று. 'டச் போன்' வந்த பின்னரே பழையதற்கும் ஓர் அடை வேண்டியதாயிற்று. இது செஞ்ஞாயிறு போன்ற இனமில்லா அடையன்று. செந்தாமரை, வெண்டாமரை போல இனம் பிரிக்கும் அடை. புதியது ஒன்று வந்து பழையதற்குப் பெயர் சூட்டும் இவ்வழக்கு மக்கள் நாவில் எவ்விலக்கண நூலும் கேளாமல் இயல்பாக அமைந்துவிட்டது.

கருவிகளைப் பற்றிய இத்தகைய கருத்துகள் பொழுதுபோக்குப் பேச்சு என்றே கொள்ளப்படுகின்றன. பிற ஊர்களில் அது பொருந்தலாம். இச்சாலையில், எந்த இயங்குதளம் மேலானது என்று உலகம் கொண்ட கருத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பைத் தொட்டது. நோக்கியா ஆலையின் கதை அது.

பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரில் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களில் மிகப் பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்த கிராமத்துப் பெண்கள். அதிகாலையில் ஊர் முனையில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நின்ற அப்பெண்களின் ஊதியத்தில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆயின. தம்பி, தங்கையர் கல்லூரிக்குச் சென்றனர். அவர்கள் பொருத்திய கருவியின் உள்ளே இருந்த மென்பொருள் எங்கோ எழுதப்பட்டது. அதனை அவர்கள் கண்டதில்லை. காண வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் அவர்களுடைய வேலையின் ஆயுள் அதில்தான் இருந்தது.

நோக்கியாவின் உயர்விலைக் கைப்பேசிகள் சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடின. 2007இல் ஐபோன் வந்தது. 2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தது. சிம்பியன் பின்தங்கியது. 2010 பிப்ரவரியில் அதன் மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய மூல எழுத்து, உலகோர் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. காலம் கடந்து திறந்த கதவு அது. ஓராண்டு கழித்து, 2011 பிப்ரவரியில், நோக்கியா அதனைக் கைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. மக்கள் அங்குச் செல்லவில்லை.

நோக்கியாவை வீழ்த்திய ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸ். அந்த லினக்ஸ் 1991இல் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்சு எழுதத் தொடங்கியது. எல்சிங்கி பின்லாந்தின் தலைநகரம். நோக்கியா பிறந்த நாட்டிலேயே அதனை வென்ற கருவும் பிறந்தது. கூட்டாக எழுதி யாவர்க்கும் உரியதாக விடப்பட்ட நிரலைக் கூகுள் எடுத்து வளர்த்தது. பல நாட்டு நிறுவனங்கள் அதனைத் தம் கருவிகளில் ஏற்றின. ஒரு நிறுவனம் தனித்துக் காத்த செல்வம் அவ்வெள்ளத்தின் முன் நிற்கவில்லை.

இரண்டாவது இடியும் மென்பொருளிலிருந்தே வந்தது. திருப்பெரும்புதூரில் செய்த கைப்பேசிகளில் ஏற்றிய மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் எத்தகையது என்பது வழக்கு. விலைக்கு வாங்கிய சரக்கின் விலையா, உரிமைத் தொகையா? உரிமைத் தொகையாயின் அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்று கூறி வருமான வரித்துறை 2013இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. மாநில அரசும் விற்பனை வரி தொடர்பாகத் தனியே ஒரு கோரிக்கை எழுப்பியது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்குவது 2014 ஏப்ரலில் நிறைவேறியபோது, வழக்கில் சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாப்டுக்காக ஒப்பந்த முறையில் சில மாதங்கள் உற்பத்தி செய்தது. 2014 நவம்பர் 1 அன்று நின்றது.

அதற்கு முன்னரே 5,000 பேருக்கு மேல் 'விருப்ப ஓய்வு' பெற்றிருந்தனர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அச்சொல்லில் விருப்பம் எத்துணை இருந்தது என்பதைச் சொற்பொருள் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கலாம். வரி வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளின் உடன்பாட்டு முறையில் முடிவுற்றது. வெளிநாட்டு மென்பொருளின் படிகளை வாங்கக் கொடுக்கும் பணம் உரிமைத் தொகை ஆகாது என்று, வேறு நிறுவனங்களின் வழக்குகளில், உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. சரக்கா, உரிமையா என்ற சொல்லாராய்ச்சி முடிந்தபோது நோக்கியா ஆலை நின்று ஆறாண்டுகள் கடந்திருந்தன. அவ்விடத்தைச் சால்காம்ப் என்ற மின்னேற்றி செய்யும் நிறுவனம் வாங்குவதாக 2019இல்தான் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, கட்டற்ற மென்பொருள் என்றாலே அறம் என்று முழங்குவோர் இச்சாலையில் சற்று அடக்கிப் பேசுதல் நலம். திறந்த நிரல் இப்பெண்களைக் காக்கவில்லை. அவர்களை வேலையிழக்கச் செய்த போட்டியின் கருவியாகவும் அதுவே இருந்தது. இதனை ஒப்புக்கொண்ட பின்னரே அதன் சிறப்பைப் பேச முடியும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1980களில் தொடங்கிய இயக்கத்தின் பெயரில் உள்ள 'ஃபிரீ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விலை இல்லாதது என்றும் பொருள், தளை இல்லாதது என்றும் பொருள். பேச்சுரிமையில் உள்ள பொருளே தாம் கருதியது, ஓசியில் கிடைக்கும் பொருளன்று என்று அவ்வியக்கத்தார் வாழ்நாள் முழுவதும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் தமிழ்நாட்டு அரசு 2011இல் மூன்றாவது சொல் ஒன்றை வழக்கில் நிறுத்தியது: 'விலையில்லா'. அவ்வாண்டு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோசும், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்சும் அருகருகே குடியிருந்தன. விலையில்லாதது ஒன்றும் கட்டற்றது ஒன்றும் ஒரே பெட்டிக்குள் மாணவர் கைக்கு வந்தன. மாணவர் பலர் ஊர்க்கடைக்காரரிடம் கொடுத்து இரண்டாவதை அழித்துப் படம் சேமிக்க இடம் பெற்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. அது எதற்கு என்று சொல்லித் தர வகுப்பறையில் ஆள் இல்லை. கருவியை வழங்கத் தெரிந்த அளவுக்குக் கருத்தை வழங்கத் தெரியாமற் போயிற்று.

அக்கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. திருப்பெரும்புதூர் இராமானுசர் அவதரித்த ஊர். மறையாகப் பெற்ற மந்திரப் பொருளைத் திருக்கோட்டியூரில் அனைவரும் கேட்க உரைத்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. அதனைக் கட்டற்ற மென்பொருளுக்கு உவமையாக்க எவர் நாவும் எழும். எனினும் உவமை பாதி வழியே வரும். மந்திரத்தைத் திருத்திப் பிறர்க்கு வழங்க எவரும் முற்படுவதில்லை. மென்பொருளுக்கோ திருத்தமே உயிர். ஓலைச்சுவடியே நெருங்கிய உவமை. படியெடுத்தோர் உள்ளவரை நூல் வாழ்ந்தது. பெட்டிக்குள் பூட்டி, பிறர் பார்க்கவும் தராத வீடுகளில் செல்லரித்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தற்குப் பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்க நேர்ந்தது. எந்தப் பாடத்தை எவர், எப்போது மாற்றினார் என்பதற்குச் சுவடியில் குறிப்பு இல்லை. கட்டற்ற மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் செய்தவர் பெயரும் நாளும் பதிவாகின்றன. அவ்வசதி ஐயர் அவர்களுக்கு வாய்த்திருப்பின் எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும்!

கவிஞர்கள் 'நாட்டுடைமை' என்ற சொல்லை நன்கு அறிவர். பாரதியார் நூல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்று, பின்னர் மக்களுக்கு ஆக்கியது. எவரும் அச்சிடலாம். ஆனால் பாரதியின் அடியைத் திருத்தி அச்சிட எவர்க்கும் மனம் வாராது. கட்டற்ற மென்பொருளின் உரிமம் இதனின் வேறு. பயன்படுத்துக, பிரித்துப் பார்க்க, திருத்துக, பகிர்க என்று விடுவதோடு, திருத்தியதைப் பகிர்வோர் அதனையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும் என்று அவ்வுரிமங்களுள் பெயர் பெற்ற ஒன்று கட்டளையிடுகிறது. இதனைக் கவிதைக்கும் பொருத்த வேண்டும் என்று வாதிடுவோரும் உளர். அது பொருந்தாது. கவிதை ஒருவர் குரல். மென்பொருள் கலப்பை போன்றது; நிலத்துக்கு ஏற்பக் கொழுவை மாற்றாத உழவன் இல்லை.

தமிழ்த் தட்டச்சுக்கெனக் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த ஒன்றுக்கு 'இ-கலப்பை' என்றே பெயர் அமைந்தது மகிழ்ச்சி தருவது. அது வந்த காலத்தின் இடர்ப்பாடு மலர்கள் பதிப்பித்தோர் அனைவர்க்கும் நினைவிருக்கும். ஒரு கணினியில் தட்டிய கவிதை மற்றொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும். எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் குறியீட்டு முறையைக் கொண்டிருந்ததே காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வழியே விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு கிடைத்தது. ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தும் அது மேசைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்றது. ஓர் எழுத்தின் எண் என்ன என்பதைப் பொதுவில் வைத்த பின்னரே ஓரூர்க் கவிதையை மற்றோர் ஊர் படிக்க முடிந்தது. இப்பணி முழுவதையும் கட்டற்ற இயக்கத்தாரே செய்தனர் என்று கூறுவதும் நடுவுநிலையன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்த முரசு அஞ்சலும், பின்னர்க் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் தனி ஒருவர் முயற்சியில் விளைந்தவை. அவற்றால் தமிழில் எழுதக் கற்றோர் பலர்.

எனினும் பூட்டிய கருவிக்கும் திறந்த கருவிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய கைப்பேசியின் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருப்பின், பூட்டிய கருவியாயின் வேண்டுகோள் விடுத்துக் காத்திருக்கலாம், அவ்வளவே. திறந்ததாயின் திருத்தி அனுப்பலாம். கணித்தமிழ் ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது இதனைச் செய்துவருகின்றனர். 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கிறது. ஆலைச் சாலையின் மறுமுனையில் உள்ள காஞ்சிபுரத்தின் பெயரால் ஒரு லினக்ஸ் பயனர் குழுவும் இயங்குகிறது. அங்குப் பேச்சு மொழி தமிழ்.

சுங்குவார்சத்திரத்து ஆலையில் இன்று ஐபோன்களைப் பொருத்தும் பெண்களுள் பலருடைய கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. நோக்கியா இன்டெலோடு சேர்ந்து 2010இல் தொடங்கிக் கைவிட்ட மீகோ என்ற லினக்ஸ் தளத்தின் இடத்தில் இன்டெலும் சாம்சங்கும் டைசன் என்ற தளத்தைத் தொடங்கின. சாம்சங் தொலைக்காட்சிகள் இன்று டைசனில் ஓடுகின்றன. அந்நிறுவனத்தின் ஆலையும் இதே சாலையில் உள்ளது. கடைத்தெருவில் தொலைக்காட்சி வாங்குவோர் திரையின் அளவைக் கேட்பர், தவணையைக் கேட்பர். பட்டியல் தமிழில் வருமா என்று கேட்போர் சிலரே.

அப்பட்டியலுக்குச் சொல் தருவோர் குறைவு என்பதே தன்னார்வலர்களின் முறையீடு. நிரல் எழுதுவோர் கிடைக்கின்றனர். இரண்டு அசையில் அடங்கும் நல்ல சொல் தருவோர் கிடைப்பதில்லை. 'கோப்பு' நிலைத்துவிட்டது. 'உலாவி'யும் நிலைத்துவிட்டது. 'சுட்டி'யா, 'சொடுக்கி'யா, 'எலி'யா என்பதில் சுட்டி ஏறக்குறைய வென்றிருக்கிறது. கோப்புகளை இட்டு வைக்கும் இடத்துக்கு 'அடைவு' என்பார் ஒரு சாரார், 'கோப்புறை' என்பார் மறு சாரார். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. சொல் வல்ல கவிஞர்களின் சாட்சியத்துக்கு அங்கு இடம் இருக்கிறது.