இக்வானா முட்டைக்கு எந்தப் பெட்டி?

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பச்சை இக்வானா வளர்க்கும் உங்களில் சிலர், முட்டைக்கு எந்த இன்குபேட்டர் வாங்கலாம் என்று கேட்டீர்கள். வங்கியில் லெட்ஜர் எழுதியவனிடம் கேட்கிற கேள்விதான்! மகன் வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மலிவாகக் கிடைப்பது கோழிமுட்டைப் பெட்டி. அது 37.5 டிகிரிக்காகச் செய்தது. முட்டையைத் திருப்பியும் விடும். இக்வானா முட்டைக்கு 29 முதல் 31 டிகிரி போதும். திருப்பவே கூடாது, கரு செத்துவிடும். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அதே வாக்கில் ஈர வெர்மிகுலைட்டில் வையுங்கள். (நம் மாடித்தோட்டக்காரர்களிடமே கிடைக்கும்.)

முக்கியமானது இனிமேல்தான். பொரிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சென்னை மே மாதத்தில் அறையே 34 டிகிரி. சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி அப்போது சும்மா நிற்கும், முட்டை வெந்துபோகும். குளிர்விக்கவும் செய்கிற பெட்டியாகக் கேளுங்கள். விலை கூடத்தான் செய்யும். அதில் கணக்குப் பார்க்காதீர்கள். பெட்டி காட்டும் டிகிரியை அப்படியே நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

நம் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான். பெட்டியை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில் இருந்தால் வெப்பம் சட்டென்று மாறாது.

வாங்குமுன் ஒன்று. ஒரு தடவைக்கு 30 முட்டைகூட இடும்; வளர்ந்தால் ஒவ்வொன்றும் ஐந்தடி. இடமிருக்கிறதா? வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி தாயைப் பதிந்திருக்க வேண்டும், பிறக்கும் குஞ்சுகளையும் தெரிவிக்க வேண்டும். நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள் பெட்டியே தேட வேண்டாம். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.