கேட்கக் கற்றுத் தரும் நூல்கள்



மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையைக் கடந்தால் பல்கலை நகர் வரும். 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. அதே சாலையில் மேலும் சென்றால் செக்கானூரணி, அதற்கப்பால் உசிலம்பட்டி. நூலகமும் ஆய்வுக் களமும் ஒரே சாலையில் அமைந்திருப்பது நம் மாணவர்க்கு வாய்த்த பேறு. ஆயினும் அவர்களுட் சிலர் நூலகத்தில் இறங்காமலே களத்துக்குச் சென்றுவிடுகின்றனர்.

கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி ஆராயச் செல்லும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். கையில் நாற்பது வினாக்கள். முதல் வினா, "தங்கள் மாத வருமானம் என்ன?" என்பது. மழை பெய்தால் ஒரு போகம், பொய்த்தால் அதுவும் இல்லை என்று வாழும் பெரியவர் இதற்கு என்ன விடை கூறுவார்? வீடு தேடி வந்த பிள்ளை மனம் வாடலாகாதே என்று ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி வைப்பார். அந்த எண் அட்டவணையில் ஏறும், பட்டமும் கிடைத்துவிடும். அரைநாள் வேலையை இழந்தவர் அந்தப் பெரியவரே!

இத்தகைய பிழைகளைப் பிறர் முன்பே செய்து, திருத்திக்கொண்டு, எழுதியும் வைத்திருக்கின்றனர். ஆனால் அந்நூல்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. டூயியின் தசம வகைப்பாட்டில் பேட்டி காணும் கலை உளவியலைச் சார்ந்து 158.39 என்னும் எண்ணைப் பெறுகிறது. சமூக அறிவியல் ஆய்வுமுறை 300.72இல் இருக்கிறது, வரலாற்று ஆய்வோ 907.2இல். தமிழில் பெயர்களும் பல: பேட்டி, நேர்காணல், செவ்வி, வாய்மொழி வரலாறு, கள ஆய்வு. ஒரு சொல்லை மட்டும் தேடிவிட்டு, "நூல் இல்லை" என்று திரும்புவது, ஒரு வாசலில் நின்றுவிட்டுக் கோயில் பூட்டியிருக்கிறது என்பதைப் போன்றது. சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் இருவரும் சமூக ஆய்வு முறைகளைப் பற்றி 1932இல் ஒரு நூல் வெளியிட்டனர். வாய்ச்சொல்லால் பெறும் செய்திக்கென அதில் ஓர் அதிகாரமே உண்டு. நூலின் பெயரைக் கண்டு அதனை அறிய இயலாது.

முறையை உரைக்கும் நூல்களைவிட, முறையைக் கையாண்டோரின் நூல்கள் ஒருபடி மேல் என்பது என் கருத்து. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் தமிழ் கற்று, 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே ஆய்வு நடத்தினார். அவர் நூல் 1957இல் பிரெஞ்சிலும், 1986இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நூற்பட்டியலில் அதனைப் பேட்டி என்ற தலைப்பில் தேடினால் கிட்டாது; சாதி, உறவுமுறை என்ற தலைப்புகளில் தேடவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரை அவரவர் ஊர்களுக்கே அனுப்பி ஆராயச் செய்து, 1918இல் ஒரு தொகுதி வெளியிட்டார். அன்றைய இராமநாதபுர மாவட்டத்து வடமலாபுரமும் அதில் உண்டு. பின்னர் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று எழுதிய மறு ஆய்வு 1940இல் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

முன்னுரையையும் பின்னிணைப்பையும் மட்டும் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியர் எப்படிக் கேட்டார், யாரிடம் கேட்டார், எங்கே தடுமாறினார் என்பவை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் இறுதியில் வினாப்பட்டியல் முழுமையாகவே கிடைக்கும். இன்று 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே காணலாம்.

எல்லாவற்றிற்கும் முன் நூலகரை அணுகுங்கள். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் விதி என்று 1931இலேயே வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன். "பேட்டி பற்றி நூல் வேண்டும்" என்று நீங்கள் கேட்டால், நல்ல நூலகர் உடனே எழுந்து அலமாரிக்குச் செல்லமாட்டார். "யாரிடம் பேசப்போகிறீர்கள்? எதை அறிய விரும்புகிறீர்கள்?" என்று உங்களையே வினவுவார். அவர் வினவும் முறையையும் கவனியுங்கள். நீங்கள் தயங்கும்போது அவர் காத்திருப்பார். விடையை உங்கள் வாயில் புகுத்தமாட்டார். அதன்பின் உங்கள் நாற்பது வினாக்களை எடுத்துப் பாருங்கள். மாத வருமானத்தை அடித்துவிட்டு, "ஐயா, இந்த ஆண்டு கண்மாய் நிறைந்ததா?" என்று எழுதத் தோன்றும்.