முக்கொம்புக்கு ஒரு ரயில்



முக்கொம்புக்கு எப்படிப் போவது என்று திருச்சிக்காரர்களிடம் கேட்டால், சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறச் சொல்வார்கள். ரயிலைச் சொல்கிறவர் அபூர்வம். ஆனால் சத்திரத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கோட்டை ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே முத்தரசநல்லூர், ஜீயபுரம், எலமனூர் என்று காவிரியின் தென்கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதை போகிறது. கடைசியில் சொன்ன இரண்டும்தான் முக்கொம்புக்குப் பக்கத்து நிலையங்கள்.

இந்தப் பாதையின் வயது 150 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற இங்கிலாந்துக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்து, 1861-ல் தஞ்சாவூரையும் 1862-ல் திருச்சியையும் தொட்டது. 1866-ல் பாதை கரூர் வரை நீண்டது; 1868-ல் ஈரோடு. அங்கே ஏற்கெனவே மெட்ராஸ் ரயில்வேயின் பாதை இருந்தது. அதனால், அந்த நாளில் திருச்சியிலிருந்து ரயிலிலேயே சென்னைக்குப் போக நினைத்தவர், முதலில் வண்டியேறி மேற்கே போக வேண்டியிருந்தது! கரூர், ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் பட்டணம் சேரலாம். கும்பகோணம், மாயவரம், விழுப்புரம் வழியான நேர் தொடர்பு 1870களின் கடைசியில்தான் கைகூடியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முக்கொம்பில் 1836-ல் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குச் செலவழியுங்கள், பாசனமும் ஆகும், படகும் ஓடும் என்று விடாமல் வாதாடியவர். அவருடைய அணைக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷத்தில் ரயில் வந்து நின்றது. காட்டன் சொன்னதை அன்றைக்கு லண்டன் கேட்கவில்லை. காவிரிக் கரை விவசாயிகளுக்கு மட்டும் அணையும் கிடைத்தது, ரயிலும் கிடைத்தது.

தண்டவாளத்தின் அகலத்தில் கம்பெனிக்காரர்கள் விளையாடிய விளையாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் போட்டது அகலப்பாதை. செலவு கட்டவில்லை என்று 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர் பாதை ஆக்கினார்கள். பிறகு 1920களின் கடைசியில் அதே திருச்சி–ஈரோடு தடத்தை மறுபடியும் அகலப்பாதை ஆக்கினார்கள்.

ஸ்ரீரங்கத்தின் கதை வேறு. உலகமறிந்த கோயில் இருந்தும், ரயில் அந்தத் தீவுக்கு லேசில் வரவில்லை. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டையும் தாண்டப் பாலம் வேண்டும். 1929-ல் விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை திறந்தபோதுதான் ஸ்ரீரங்கத்துக்கு நேரடி ரயில் கிடைத்தது. எண்ணிப் பாருங்கள்: சின்னஞ்சிறு ஜீயபுரத்தின் வழியாக ரயில் ஓடத் தொடங்கி அறுபது வருஷத்துக்குமேல் ஆன பிறகு! அதுவரை ரங்கநாதரைப் பார்க்க ரயிலில் வந்தவர்கள் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து காவிரியைக் கடந்துதான் போக வேண்டும்.

குறுக்குப் பாதை வந்தபின் நிலைமை தலைகீழானது. சென்னை–திருச்சி தூரம் சுமார் 336 கிலோமீட்டராகக் குறைந்தது. 1977-ல் வைகை, 1984-ல் பல்லவன் என்று புகழ்பெற்ற வண்டிகள் அந்த வழியே வந்தன. இரண்டும் ஸ்ரீரங்கத்தில் நிற்கின்றன, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸும் நிற்கிறது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் மற்ற வண்டிகளுக்கும் தற்காலிக நிறுத்தம் கொடுப்பதுண்டு. அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பித்த ஸ்ரீரங்கம் நிலையம், 2025 மே 22-ஆம் தேதி நாடெங்கும் திறக்கப்பட்ட 103 நிலையங்களில் ஒன்று. கோயில் சாயலில் முகப்பு வைத்திருக்கிறார்கள். ராஜகோபுரத்தையே பார்க்கப்போகிறவருக்கு அந்த முகப்பு எதற்கு என்று கேட்கலாம்தான். ஆனாலும் வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் வசதி கூடியிருப்பது நல்லதே.

ஜீயபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ரயிலைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவரான நம்பெருமாள் ஜீயபுரம் எழுந்தருள்வார். பேரன் வரவில்லையே என்று ஏங்கிய பாட்டி ஒருத்திக்குப் பெருமாளே பேரனாக வந்து பழைய சோறு சாப்பிட்டார் என்பது கதை. பெருமாள் பல்லக்கில் போய்ப் பல்லக்கிலேயே திரும்புகிறார்.

மனிதர்களுக்குத்தான் போக்குவரத்து குறைவு. ஜீயபுரம் வழியே போகும் கரூர் தடம் இன்னும் ஒற்றைப் பாதை. எதிரே விரைவு வண்டி வந்தால் பாசஞ்சர் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். நிர்வாகமும் தூரத்தில் இருக்கிறது. திருச்சியிலேயே ஒரு கோட்டத் தலைமையகம் இருக்க, கோட்டை நிலையமும் ஜீயபுரமும் நெடுங்காலம் பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தன; 2007-ல் சேலம் கோட்டம் பிறந்தபோது அதற்குப் போயின. திருச்சியின் புறநகர் நிலையங்களைத் திருச்சிக்காரர்களே மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் தோன்றுகிறது.

ஆடிப்பெருக்கு அன்று சித்ரான்ன மூட்டையோடு முக்கொம்பை நோக்கிக் கிளம்பும் கூட்டம், கரூர் சாலையில் பஸ்ஸுக்குள் நசுங்குகிறது. பக்கத்திலேயே ரயில் பாதை சும்மா கிடக்கிறது. அந்த ஒரு நாளாவது கோட்டையிலிருந்து எலமனூர் வரை கூடுதல் வண்டி விடுவது ரயில்வேக்குப் பெரிய காரியமில்லை. நேயர்களும் அடுத்த முறை முக்கொம்பு போகும்போது, பாசஞ்சர் வண்டிகளின் நேரத்தையும் நிறுத்தங்களையும் கோட்டை நிலையத்தில் விசாரித்து, ஒருமுறை ரயிலில் போய்ப் பாருங்கள். பயணிகள் இருக்கிற தடத்துக்குத்தான் வண்டி கேட்க முடியும்.